உதவிதான் வறுமையை வளர்த்ததா?
ஓர் அமெரிக்க நூலும் அதன் கணக்கும்

ஏழைகளுக்கு அரசு உதவி செய்யச் செய்ய அவர்கள் மேலும் ஏழைகளாவார்கள் என்று ஒருவர் சொன்னால் கேட்பவரில் சிலர் கோபப்படுவர். சிலர் ஆமோதித்துத் தலையாட்டுவர். அறிவியல் பயிலும் மாணவர் இவ்விரண்டையும் செய்ய வேண்டியதில்லை. "எதைக் கொண்டு அளந்தீர்கள்?" என்று கேட்டாலே போதும்.

அத்தகைய கேள்விக்கு நல்ல இலக்கு, சார்லஸ் மர்ரே என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட 'லூசிங் கிரவுண்ட்' என்ற நூல். 'பின்னடைவு' என்று தமிழில் சொல்லலாம். 1950 முதல் 1980 வரை அமெரிக்க அரசின் சமூகக் கொள்கைகள் ஏழைகளுக்கு, குறிப்பாகக் கறுப்பின ஏழைகளுக்கு, என்ன செய்தன என்பதே நூலின் பொருள். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய நூலை இன்று ஏன் எடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். 1996-இல் அமெரிக்கா ஏழைத் தாய்மாருக்கான பழைய உதவித் திட்டத்தையே ஒழித்தது. அதற்கு வழி வகுத்த நூல்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. ஒரு புள்ளிவிவர வாதம் இலட்சக்கணக்கான வீடுகளின் அடுப்பைத் தொட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வாதம் மட்டும் பழையதாகிவிடவில்லை. உதவித் திட்டம் என்ற பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இன்றும் கேட்கிறது.

நூல் சொல்வது என்ன?

1964 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வறுமையின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தார். அதே ஆண்டில் உணவுச் சீட்டுச் சட்டம் வந்தது. 1965-இல் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் என இரு மருத்துவத் திட்டங்கள் வந்தன. 1935 முதலே இருந்துவந்த, பெரும்பாலும் கணவர் துணையற்ற தாய்மாருக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் பணம் தரும் திட்டமும் விரிந்தது.

செலவு பன்மடங்கு பெருகியது. பலன்? 1968-இல் அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். 1980-இலும் அதே 13 சதவீதம். ஆக, உதவி பயனற்றது என்பது மர்ரேயின் முதற்படி.

இரண்டாவது படி இன்னும் கூர்மையானது. அரசு தரும் பணத்தைக் கழித்துவிட்டு, மக்கள் சொந்தமாக ஈட்டும் வருமானத்தை மட்டும் பாருங்கள் என்கிறார். அந்த வருமானத்தால் வறுமைக் கோட்டைத் தாண்ட முடியாதவர்களை 'மறைந்திருக்கும் ஏழைகள்' என்று குறிக்கிறார். இவர்களின் பங்கு 1950 முதல் குறைந்துவந்து, 1968-இல் ஏறத்தாழ 18 சதவீதமாயிற்று. பின்னர் திரும்பி, 1980-இல் ஏறத்தாழ 22 சதவீதமாக ஏறியது. உதவி பெருகிய காலத்தில்தான் சுயமாக நிற்கும் ஆற்றல் தேய்ந்தது. எனவே உதவியே காரணம் என்பது அவர் முடிவு. உழைக்கும் வயதினருக்கான மைய அரசின் உதவிகளையெல்லாம் ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிடலாம் என்பது அவர் பரிந்துரை.

கருவி எதைக் காணும்?

முதற்படியை முதலில் சோதிப்போம். அந்த 13 சதவீதம் எந்தக் கருவியின் அளவீடு?

அமெரிக்க வறுமைக் கோட்டை 1960-களின் முற்பகுதியில் வகுத்தவர் மாலி ஒர்ஷான்ஸ்கி என்ற அம்மையார். அவர் சமூகப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றியவர். 1955-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி அமெரிக்கக் குடும்பங்கள் தம் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. எனவே வேளாண்மைத் துறை வகுத்த மிகச் சிக்கனமான உணவுப் பட்டியலின் விலையை 3-ஆல் பெருக்கினார் அவர். அதுவே வறுமைக் கோடு. அன்றைய நிலைக்கு அது எளிய, நேர்மையான கணக்கு. 1969-இல் அரசு அதை அதிகாரபூர்வ அளவாக ஏற்றது. பிறகு விலைவாசிக்கு ஏற்ப மட்டும் உயர்த்திக்கொண்டு வந்தது.

சிக்கல் கோட்டில் மட்டுமன்று, கோட்டோடு ஒப்பிடப்படும் வருமானத்திலும் இருக்கிறது. வரிக்கு முன் கையில் வரும் ரொக்கம் மட்டுமே அங்கே வருமானம். ஓய்வூதியமும் தாய்மாருக்கான உதவித் தொகையும் அதில் சேரும். உணவுச் சீட்டு சேராது. வீட்டு வாடகை உதவி சேராது. வரிச் சலுகையாகத் திரும்பி வரும் பணமும் சேராது. 1964-க்குப் பின் பெருகியவற்றில் கணிசமான பகுதி இந்தச் சேராத வகைதான். மின்னோட்டமானியை வைத்துக்கொண்டு அறையின் வெப்பம் மாறவில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது இது. கருவியில் பழுதில்லை, அதைக் கேட்ட கேள்விதான் தவறு.

இது எவ்வளவு பெரிய பிழையாகும் என்பதை அண்மைய நிகழ்ச்சி ஒன்று காட்டியது. 2021-இல் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கான வரிச் சலுகையை உயர்த்தி, அவ்வாண்டு ஜூலை முதல் டிசம்பர் வரை மாதந்தோறும் பணமாகவே வீடுகளுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு அந்த உயர்வு நிறுத்தப்பட்டது. இப்போது இரு கருவிகளைப் பாருங்கள். பழைய அதிகாரபூர்வ அளவு, குழந்தை வறுமை 2021-இல் 15.3 சதவீதம், 2022-இல் 15.0 சதவீதம் என்றது. அதாவது மாற்றமே இல்லை. வரியையும் பொருளுதவியையும் சேர்த்துக் கணக்கிடும் துணை அளவு ஒன்று 2011 முதல் வெளியாகிறது. அது 2021-இல் 5.2 சதவீதம், 2022-இல் 12.4 சதவீதம் என்றது. அதே நாடு, அதே குழந்தைகள். விசையைப் போட்டதும் அணைத்ததும் ஒரு கருவிக்குத் தெரியவே இல்லை. மற்றதில் முள் இரு மடங்குக்கு மேல் தாவியது.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் துணை அளவைப் பின்னோக்கியும் கணக்கிட்டனர். கோட்டை 2012-ஆம் ஆண்டின் மதிப்பில் நிறுத்திப் பார்த்தபோது வறுமை 1967-இல் 26 சதவீதம், 2012-இல் 16 சதவீதம். அதிகாரபூர்வ அளவோ அதே ஆண்டுகளுக்கு 14.2 என்றும் 15.0 என்றும் காட்டுகிறது. ஒன்று முன்னேற்றம் என்கிறது. மற்றது தேக்கம் என்கிறது.

மர்ரே இதை அறியாதவரல்லர் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொருளுதவியைச் சேர்த்தால் வறுமை குறைவாகத் தெரியும் என்று அவரே குறிப்பிடுகிறார். ஆனால் உண்மையான நோய் மறைந்திருக்கும் வறுமைதான் என்று இரண்டாவது படிக்கு நகர்ந்துவிடுகிறார். நாமும் நகர்வோம்.

தொட்டியும் ஓட்டையும்

ஒரு தண்ணீர்த் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். மேலே குழாய், கீழே ஓட்டை. குழாயை மேலும் திறந்தீர்கள், மட்டம் உயரவில்லை. குழாயால் பயனில்லை என்று முடிவு கட்டுவீர்களா? ஓட்டை அதே நேரத்தில் பெரிதாகியிருக்கலாம் அல்லவா? மட்டத்தை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது.

அரசின் உதவி குழாய். வேலையின்மை, கூலிக் குறைவு, முதுமை ஆகியவை ஓட்டை. மர்ரேயின் மறைந்திருக்கும் வறுமை என்பது உண்மையில் ஓட்டையின் அளவு. அது பெரிதாயிற்று என்பதை நாமும் ஏற்கலாம். குழாயைத் திறந்ததால்தான் ஓட்டை பெரிதாயிற்று என்பதே அவர் கூற்று. இதை மூன்று வழிகளில் சோதிக்கலாம்.

முதலாவது, அந்த 22 சதவீதத்தில் இருப்பவர் யார்? ஓய்வூதியத்தில் நிம்மதியாக வாழும் எழுபது வயது முதியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு தரும் பணத்தைக் கழித்தால் அவர் வருமானம் சுழி. ஆகவே அவர் 'மறைந்திருக்கும் ஏழை'. ஓய்வூதியம் நன்றாக இருப்பதால் ஒருவர் வேலையை விட்டு ஓய்வெடுத்தால், இந்தக் கணக்கில் வறுமை கூடும். ஆனால் நடந்தது என்ன? 1959-இல் முதியோரில் 35 சதவீதத்தினர் அதிகாரபூர்வ அளவின்படியே ஏழைகள். 1980-இல் அது ஏறத்தாழ 16 சதவீதம். கண்கூடான ஒரு வெற்றியைத் தோல்விக் கணக்கில் எழுதும் அளவு இது.

இரண்டாவது, வேறு காரணங்கள் இருந்தனவா? 1968-இல் அமெரிக்காவில் வேலையில்லாதோர் 3.6 சதவீதம், 1980-இல் 7.1 சதவீதம். இடையில் 1973-இல் எண்ணெய் நெருக்கடி. அதன்பின் ஆண் தொழிலாளரின் உண்மைக் கூலி உயர்வு நின்றது. ஒரே நேரத்தில் மூன்று மாறிகள் மாறியிருக்க, விளைவு முழுவதையும் ஒன்றின் தலையில் ஏற்றினால், எந்த ஆய்வுக்கூட ஆசிரியரும் அந்தப் பதிவேட்டைத் திருப்பித் தந்துவிடுவார்.

மூன்றாவது, அளவுக்கு ஏற்ற விளைவு உண்டா? மருந்தால் ஒரு பக்க விளைவு வருகிறது என்றால், மருந்தைக் குறைத்தால் அதுவும் தணிய வேண்டும். தாய்மாருக்கான உதவித் தொகை 1970-களின் தொடக்கத்துக்குப் பின் விலைவாசி உயர்வால் கரைந்துகொண்டே போனது. உணவுச் சீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் உண்மை மதிப்பு இறங்கியது. ஆனால் தாய் மட்டும் நடத்தும் குடும்பங்களின் பங்கு தொடர்ந்து ஏறியது. மருந்து குறைந்தது, விளைவு கூடியது.

கற்பனைத் தம்பதி

நூலில் அதிகம் பேசப்பட்ட பகுதி ஹெரால்டு, பில்லிஸ் என்ற இரு கற்பனை மாந்தரின் கதை. ஏழை இளைஞர்கள், பில்லிஸ் கருவுற்றிருக்கிறாள். 1960-இல் என்றால் மணம் செய்துகொண்டு ஹெரால்டு குறைந்த கூலிக்கு வேலைக்குப் போவதே ஆதாயம். 1970-இல் விதிகள் மாறியதால், மணம் செய்யாமல் உதவித் தொகையைப் பெறுவதே ஆதாயம். இதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார் மர்ரே.

படிக்கச் சுவையான பகுதி. ஆனால் கணக்கு பென்சில்வேனியா மாநிலத்தின் தொகையைக் கொண்டு போடப்பட்டது. 1960-களில் அங்கு உதவித் தொகை நாட்டின் சராசரியைவிட வெகு வேகமாக உயர்ந்திருந்தது. 1970-க்குப் பின் என்னாயிற்று என்பதும் கதையில் இல்லை. ராபர்ட் கிரீன்ஸ்டைன் போன்ற விமர்சகர்கள் 1985-லேயே இதைச் சுட்டிக்காட்டினர். 1980-இல் அதே கணக்கைப் போட்டால் பெரும்பாலான இடங்களில் வேலைக்குப் போவதே ஆதாயம். ஓர் இடத்தில், ஓர் ஆண்டில் எடுத்த ஒரே புள்ளியின் வழியே நீங்கள் எந்தத் திசையிலும் கோடு வரையலாம்.

நல்ல சோதனை எது?

குறை சொல்வது எளிது. சரியான சோதனை எப்படி இருக்கும் என்பதையும் காண்போம். உணவுச் சீட்டுத் திட்டம் ஒரே நாளில் நாடெங்கும் வரவில்லை. 1961-இல் சில வட்டாரங்களில் தொடங்கி, 1975-க்குள் வட்டாரம் வட்டாரமாகப் பரவியது. எனவே ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ள இரு வட்டாரங்களில், ஒன்றில் பிறந்த குழந்தைக்கு உணவுச் சீட்டு கிட்டியது, மற்றதில் கிட்டவில்லை. அரசு அறியாமலே நடத்திய ஆய்வு இது. ஹோய்ன்ஸ், ஷான்சன்பாக், ஆல்மண்ட் ஆகிய மூவரும் அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின் ஒப்பிட்டு, 2016-இல் முடிவை வெளியிட்டனர். சிறு வயதில் உணவுச் சீட்டு கிட்டியவர்களிடம் உடற்பருமன், இரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றின் தொகுப்பு குறைவு. பெண்கள் பொருளாதாரத்தில் சொந்தக் காலில் நிற்பது அதிகம். உதவி சார்புநிலையை வளர்க்கும் என்ற கூற்று சரியானால் இதற்கு நேர்மாறாக அல்லவா வந்திருக்க வேண்டும்?

நிறம் என்னும் மாறி

1965-க்குப் பின் கறுப்பின இளைஞர்கள் வேலைச் சந்தையிலிருந்து விலகியதை நூல் விரிவாகப் பேசுகிறது. விலகல் உண்மை. ஆனால் தென் மாநிலங்களில் பருத்திப் பறிப்பு இயந்திரமயமானதால் கறுப்பினச் சிறுவர்களின் பண்ணை வேலைகள் 1950-களிலேயே மறையத் தொடங்கிவிட்டன. விளைவு காரணத்துக்கு முன் பிறக்காது.

மேலும், இன ஏற்றத்தாழ்வை ஏழைகளின் நடத்தையில் மட்டும் தேடினால் தவறவிடுவது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தென் மாநிலங்களின் மருத்துவமனைகள் பல, கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. அல்லது தனிக் கூடங்களில் ஒதுக்கின. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், பாகுபாடு காட்டும் நிறுவனத்துக்கு மைய அரசின் பணம் கிடையாது என்றது. 1966 ஜூலை 1-இல் மெடிகேர் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பணம் வேண்டுமானால் கதவைத் திறந்தாக வேண்டும். பெரும்பாலான மருத்துவமனைகள் திறந்தன. ஆல்மண்ட், சே, கிரீன்ஸ்டோன் ஆகியோர் மிசிசிப்பி மாநிலத்தின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஒரு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடைப்பட்ட கறுப்பினக் குழந்தைகளின் இறப்பு அதன்பின் சட்டெனச் சரிந்ததைக் கண்டனர். சரிவு முக்கியமாக வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும். அதாவது மருத்துவமனைக்குப் போனால் பிழைக்கக்கூடிய நோய்களில். தாயின் நடத்தையில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. மாறியது மருத்துவமனையின் கதவுதான்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு நுட்பம் ஒன்று உண்டு. 1960-இல் ஆயிரம் பிறப்புக்கு இறந்த கறுப்பினக் குழந்தைகள் ஏறத்தாழ 44, வெள்ளையினக் குழந்தைகள் 23. 1980-இல் 21-உம் 11-உம். வித்தியாசத்தைப் பார்த்தால் 21-இலிருந்து 10-ஆகக் குறைந்திருக்கிறது, பெரும் முன்னேற்றம். விகிதத்தைப் பார்த்தால் அன்றும் இன்றும் ஏறத்தாழ இரண்டு, முன்னேற்றமே இல்லை. சொத்துக் கணக்கில் இது தலைகீழாகிறது. நடுநிலைக் குடும்பத்தின் நிகர சொத்து, அந்தந்த ஆண்டு டாலர் மதிப்பில், 2019-இல் வெள்ளையர்க்கு 1,88,200, கறுப்பினத்தவர்க்கு 24,100. 2022-இல் 2,85,000-உம் 44,900-உம். விகிதம் சற்று முன்னேறியது: 13 சதவீதத்திலிருந்து 16. இடைவெளியோ 1,64,100-இலிருந்து 2,40,100 டாலராக விரிந்தது. ஒரே தரவிலிருந்து கட்சிக்காரர் இருவரும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் காட்டாதவரை நம்பாதீர்கள்.

இந்தச் சொத்து இடைவெளியிலும் அரசுக்குப் பங்குண்டு. 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனால் பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் அதில் சேர்க்கப்படவில்லை. கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் செய்தது இந்த வேலைகளைத்தான். 1950, 1954 ஆண்டுகளின் திருத்தங்களுக்குப் பிறகே பெரும்பாலும் சேர்க்கப்பட்டனர். 1930-களில் வீட்டுக்கடனுக்காக அரசு நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகள் 'ஆபத்தானவை' எனச் சிவப்பு மை பெற்றன. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் முதன்மைச் சொத்து வீடு. கொள்கை ஏழ்மையைப் போக்குகிறதா என்று அளப்பவர், கொள்கை ஏழ்மையை உண்டாக்கியதா என்பதையும் அதே நூலில் அளக்க வேண்டும். நூல் 1950-இல் தொடங்குவதால் இக்கதையின் முதற்பாகம் வெளியே நின்றுவிடுகிறது.

தீர்ப்பு

நூலின் நிறை ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. திட்டத்தை அதன் நோக்கத்தால் மதிப்பிடாதீர்கள், விளைவால் மதிப்பிடுங்கள் என்று மர்ரே கேட்டது சரியான கேள்வி. 1967-க்கு முன் தாய் ஒருத்தி ஒரு டாலர் சம்பாதித்தால் உதவித் தொகையில் ஏறத்தாழ ஒரு டாலர் வெட்டப்பட்டது. உழைப்புக்கு நூறு சதவீத வரி விதித்ததற்கு இது சமம். இது மோசமான அமைப்பே. உழைத்து ஈட்டுவோருக்குக் கூடுதலாகத் தரும் வரிச் சலுகை 1975-இல் வந்தது இக்குறைக்கு மாற்றாகத்தான்.

மர்ரேயை மறுப்பவர்களும் ஒன்றை மறக்கக்கூடாது. 26 சதவீதம் 16 ஆனது பெரும்பாலும் அரசின் குழாயால். அரசின் உதவியைக் கழித்தால், அதே ஆய்வின்படி 1967-இல் 27 சதவீதம், 2012-இல் ஏறத்தாழ 29 சதவீதம். ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. அது ஏன் அடைபடவில்லை என்பது இன்னும் விடை வேண்டும் கேள்வி. 2021-ஆம் ஆண்டு நிகழ்ச்சியும், பணம் கொடுத்தால் அந்த ஆண்டில் வறுமை குறையும் என்பதைத்தான் காட்டுகிறது. ஆறு மாதப் பணம் பத்தாண்டு நடத்தையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆனால் ஓட்டைக்குக் காரணம் குழாயே என்று நூல் நிறுவவில்லை. நிறுவாத ஒன்றின்மேல் குழாயை மூடச் சொன்னது. ஆய்வுக்கூடத்தில் தவறான முடிவு எழுதினால் மதிப்பெண் குறையும். இங்கே விலை கொடுப்பவர் நூலாசிரியர் அல்லர். உணவுச் சீட்டை எதிர்பார்த்து வரிசையில் நிற்கும் தாய்.

ஆகவே மாணவர்களே, அரசின் திட்டம் ஒன்று வெற்றி என்றோ தோல்வி என்றோ எங்கேனும் படித்தால் நான்கு கேள்விகளைக் கையில் வைத்திருங்கள். அளந்த கருவி அந்தத் திட்டத்தைக் காணும் கருவியா? திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டார்களா? அதே காலத்தில் வேறென்ன மாறியது? சொல்வது வித்தியாசமா, விகிதமா? இந்நான்குக்கும் விடை சொல்லும் நூல் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் எழுதியதாயினும் படிக்கத் தக்கது. 'லூசிங் கிரவுண்ட்' முதல் மூன்றில் தடுக்கி விழுகிறது. ஆயினும் கிடைத்தால் படியுங்கள். பிழையான வாதத்தை வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பதைப் போன்ற நல்ல பயிற்சி வேறில்லை.